குடிக்கத் தகுந்த உதட்டுச்சாயம்

கானோ
9 ஜனவரி 2004

முனைவர் சுவைபா அம்மையாருக்கு,

உன் பதில் வந்து சேர்ந்தது. அதைப் பதில் என்று சொல்லலாமா என்பது வேறு விஷயம். சாரியா பஸ் ஓட்டும் மாலம் கர்பா, நாலாக மடித்த அரைத் தாளை நீட்டி, "உங்க தங்கச்சி குடுத்தாங்க ஹாஜியா. முகமே சரியில்ல, நான் ஒண்ணும் கேட்டுக்கல" என்றான். பிரித்தால் மூன்று வரி. நான் அனுப்பிய மூன்று உதட்டுச்சாயத்தில் சிவப்பும் பழுப்பும் பரவாயில்லையாம். அமர்யாவில் ஈயம் மிக அதிகமாம். விற்பதை நிறுத்த வேண்டுமாம். ஒரு சலாம் இல்லை, நலமா என்ற கேள்வி இல்லை, பல்கலைக்கழக முத்திரை இல்லை. தெருவில் மிட்டாய் மடிக்கும் தாள் இதைவிடக் கௌரவமாக இருக்கும்.

நான் என்ன கேட்டேன்? அழகுப்பொருள் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்காரன் கடைக்கு வந்து, "சான்று இல்லாம இனி ஒரு லிப்ஸ்டிக் வித்தாலும் கடைக்குப் பூட்டுதான்" என்று மிரட்டிவிட்டுப் போனான். சொந்த ரத்தம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்நியனிடம் ஏன் போக வேண்டும் என்று உனக்கு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரே அப்பா, வேறு வேறு அம்மா. பாதி ரத்தம்தானே. மீதிப் பாதி முழுக்க வயிற்றெரிச்சல்.

மூன்றில் அமர்யா மட்டும் எப்படி விஷமானது என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பெயரே உனக்குக் குத்தியிருக்கும். உன் அம்மா இந்த வீட்டுக்கு இளைய தாரமாக வந்தபோது ஊரே அவளை அமர்யா, புதுப்பெண் என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயர் இப்போது கானோ முழுக்க உதட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, என் கடை மூலமாக. மாப்பிள்ளை வீட்டு வரிசைப் பெட்டியில் அந்தக் கருஞ்சிவப்பு இல்லாவிட்டால் பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். பக்ரீத் முடிந்ததும் அல்ஹாஜி பஷார் மகனுக்குக் கல்யாணம். பெட்டியில் போவது என் சரக்குதான்.

என் மகள் லுபாபாவைப் பார். எழுந்ததும் அமர்யா, சாப்பிட்டதும் மறுபடி அமர்யா. அவள் உதடுதான் என் கடைக்குப் பெயர்ப்பலகை. ஆறு மாதக் கர்ப்பிணி, நிலா மாதிரி இருக்கிறாள். உன் ஈயம் அவளை என்ன செய்துவிட்டது, சொல்.

முத்திரையோடு ஒழுங்கான தாள் ஒன்று அனுப்பு. போனில் கூப்பிடாதே. உன் குரல் கேட்டால் எனக்குத் தலை வலிக்கிறது.

லாமி

*

சாரியா
13 ஜனவரி 2004

ஹாஜியா லாமி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

முத்திரை வைத்த தாள்தான் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். அதிலும் இதேதான் இருக்கும், என்ன, கட்டுப்பாட்டு அலுவலகம் அதைப் படித்த அன்றே உங்கள் கடையைப் பூட்டும். அரைத் தாளில் எழுதியது உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான். நல்லது செய்தால் அது உங்களுக்கு மிட்டாய்த் தாளாகத் தெரிகிறது.

எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன், புரிந்தால் புரியட்டும். உங்கள் சாயத்தில் ஒரு சிட்டிகை எடுத்துச் சாம்பலாக எரித்து, அமிலத்தில் கரைத்து, கருவியின் சுடருக்குள் செலுத்தினேன். எந்த உலோகம் எவ்வளவு என்று சுடர் சொல்லும். அதற்கு மூத்த தாரத்து மகள், இளைய தாரத்து மகள் என்றெல்லாம் தெரியாது. அமர்யாவை மறுபடியும் எரித்துப் பார்த்தேன். அனுமதித்த அளவைவிடப் பல மடங்கு ஈயம். கருவிதான் கெட்டுப்போனதோ என்று முதலில் நினைத்தேன், அவ்வளவு.

கருப்பு ஏற அதில் எதைக் கொட்டுகிறீர்கள்? கதவுக்கு அடிக்கும் பெயிண்ட் தூளா? மலிவாகக் கிடைக்கிறதென்று எவனாவது கொடுத்திருப்பான், நீங்களும் பேரம் பேசி இன்னும் குறைத்து வாங்கியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

கடை எப்படியோ போகட்டும். லுபாபா அதை இன்றே துடைக்கட்டும். உதட்டில் பூசுவதில் பாதி வயிற்றுக்குத்தான் போகிறது. தாயின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் பிள்ளைக்கும் போகும். போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு ஒன்று கலைந்ததே, அதற்குள் மறந்துவிட்டதா?

சுவைபா

*

கானோ
20 ஜனவரி 2004

சுவைபா,

பெயிண்ட் தூள் என்றா சொன்னாய்? நான் நிறத்தூள் வாங்குவது சீல் வைத்த டப்பாவில், வெளிநாட்டுச் சரக்கு. சிவப்புக்குப் போடும் அதே தூள்தான் அமர்யாவுக்கும். அந்தச் சிவப்பு உன் சுடரில் பாஸ் ஆகிவிட்டது. அப்புறம் அதே தூள் அமர்யாவில் மட்டும் எப்படி விஷமாகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருஷம் படித்து இதுதான் கண்ட பலனா?

போன வருஷம் கலைந்தது யார் கண் பட்டு என்று இந்தத் தெருவுக்கே தெரியும். நலம் விசாரிக்க வருகிற மாதிரி உன் அம்மா வந்தாள், வயிற்றைத் தடவினாள், போனாள். அடுத்த வாரமே எல்லாம் முடிந்தது. இதையும் உன் கருவியில் போட்டுப் பார்.

உனக்கு ஒரு நல்ல சேதி. சபோன் காரியில் ஒருவர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார். ஏறிப் போனேன். குளிரக் குளிர மினரல் வாட்டர் கொடுத்து, "ஹாஜியா, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். மாலைக்குள் சான்று கைக்கு வந்தது. இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. நகல் அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, உனக்குத்தான் அது தண்ணீர் பட்ட பாடாயிற்றே, உட்கார்ந்து படி.

லாமி

*

சாரியா
23 ஜனவரி 2004

மதிப்புக்குரிய ஹாஜியா,

படித்தேன். என் உதவியாளர்களுக்கும் படித்துக் காட்டினேன். ஒருத்தி சிரித்த சிரிப்பில் குடுவையே உடைந்தது.

அந்தச் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? கலங்கல் இல்லை. துர்வாடை இல்லை. மலக்கிருமி இல்லை. கடைசி வரியில், "இந்த மாதிரி குடிக்கத் தகுந்தது." யாரோ வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குக் கொடுத்த தாளில் பெயரை மாற்றி உங்கள் கடைப் பெயரைப் போட்டிருக்கிறான். இனி அமர்யாவைக் குழலில் அடைக்காதீர்கள், குடத்தில் ஊற்றி விற்கலாம்.

மினரல் வாட்டரை வேறு குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சிவப்பும் அமர்யாவும் ஒரே தூள் என்று நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை. அமர்யாவில் என்னவெல்லாம் போடுகிறீர்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள். தொழில் ரகசியம் என்று மூடி மறைக்க வேண்டாம். நான் லிப்ஸ்டிக் கடை திறக்கப் போவதில்லை.

லுபாபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாள் என்று கர்பா சொன்னார். "முகம் வெளுத்துக் கெடந்துச்சு டாக்டரம்மா, உதடு மட்டும் கருகருன்னு" என்றார். பஸ் டிரைவருக்குத் தெரிவது பெற்றவளுக்குத் தெரியவில்லை.

சுவைபா

*

கானோ
5 பிப்ரவரி 2004

சுவைபா,

கர்பாவின் வாயைத் தைக்க வேண்டும். பிள்ளை உதைக்கிறது, வலிக்காதா? நீ பெற்றிருந்தால் தெரியும்.

சபோன் காரிக்காரனிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். அது தனிக் கதை. அவன் திருடன் என்பதால் நீ யோக்கியை ஆகிவிட மாட்டாய்.

எதைப் போடுகிறேன் என்று கேட்டாய். ஷியா வெண்ணெய், தேன்மெழுகு, ஆமணக்கு எண்ணெய், டப்பாத் தூள், கொஞ்சம் வாசனை. அவ்வளவுதான். அல்லாஹ் மேல் ஆணை.

இப்போது என் முறை. இத்துடன் ஐந்து குழல்கள். பெயர் இல்லை, எண் மட்டும்தான். எது என் சரக்கு, எது சந்தைச் சரக்கு, எது வேறு என்று எனக்கு மட்டும் தெரியும். லாமி என்ற பெயரைப் பார்த்ததும் ஈயம் காட்டும் உன் கருவி, பெயர் இல்லாவிட்டால் என்ன செய்கிறது பார்ப்போம்.

பக்ரீத் நன்றாக நடந்தது. பஷார் வீட்டுப் பெட்டிகள் நேற்று மேளதாளத்தோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அமர்யாவை எடுத்து எடுத்துப் பார்த்தார்களாம். கேட்டுக்கொள்.

லாமி

*

சாரியா
12 பிப்ரவரி 2004

ஹாஜியா,

நாலாம் எண் அமர்யா. கருவியே தேவையில்லை, முகர்ந்தாலே தெரிகிறது. ஈயம் பழையபடி. இரண்டாம் எண்ணில் அந்த அளவு இல்லை, ஆனாலும் கூடாத அளவு இருக்கிறது. மற்ற மூன்றும் சுத்தம்.

கண்ணாமூச்சி முடிந்துவிட்டதென்றால் லுபாபாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சுவைபா

*

கானோ
16 பிப்ரவரி 2004

அடி சுவைபா,

மாட்டிக்கொண்டாயா? இரண்டாம் எண் என்ன தெரியுமா? வெறும் ஷியா வெண்ணெய்! நிறத்தூள் ஒரு பொட்டு போடவில்லை, மெழுகு போடவில்லை. அமர்யா அரைத்து முடித்த உரலில் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டுத் திரட்டிக் குழலில் அடைத்தேன். மரத்தில் காய்த்த கொட்டையிலிருந்து எடுத்த வெண்ணெயில் ஈயமாம்! கடைக்கு வந்த பெண்களிடம் சொன்னேன். "அப்ப நம்ம தாய்ப்பால்லயும் ஈயம் இருக்கும்னு சொல்லுவா உங்க தங்கச்சி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அந்த உரலில் என்ன விழுகிறது என்று உனக்குத் தெரியாதா? என் அம்மா வைத்திருந்த அதே உரல்தான், அமர்யாவுக்கென்றே ஒதுக்கியது. வெண்ணெய் விழும், மெழுகு விழும், அமர்யாவுக்குக் கருப்பேறக் கடைசியில் ஒரு கைப்பிடி சுர்மா விழும். குர்மி சந்தையில் கல்லாக வாங்கி நானே இடிப்பது, கலப்படமே கிடையாது. சுர்மாவும் விஷம் என்று இனிமேல் எழுதுவாய் போலிருக்கிறது. கண்ணாடியைப் போய்ப் பார், உன் கண்ணிலும் அதுதான் இருக்கிறது.

இனி உன் தயவு எனக்கு வேண்டாம்.

லாமி

*

சாரியா
17 பிப்ரவரி 2004

லாமி அக்கா,

கர்பாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

சுர்மாக் கல் ஈயக் கல். கல்லிலேயே பெரும்பகுதி ஈயம், மிச்சம் கந்தகம். இதை ஒவ்வொரு வருஷமும் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன், கண்ணில் அதை இட்டுக்கொண்டே. போட்ட பொருளையெல்லாம் எழுதச் சொன்னேன், நீங்கள் ஆணையிட்டு எழுதினீர்கள். அதில் சுர்மா இல்லை. நீங்கள் பொய் சொல்லவில்லை. நம் வீட்டில் சுர்மாவை யார் பொருளாகக் கணக்கு வைப்பார்கள்? தண்ணீரைப் போல அது சும்மா இருப்பது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெயிண்ட் என்று நினைத்தேன். உங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு மட்டமான எண்ணம்.

அந்த எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் லுபாபாவின் வயிற்றில் இருக்கிற பிள்ளை உங்களுக்கு மட்டும் பேரப்பிள்ளை இல்லை. ரத்தம் எடுத்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, கர்பாவிடம் கொடுத்தனுப்புங்கள். அந்த உரலில் இனி எதையும் அரைக்க வேண்டாம். பெட்டியில் போன குழல்களைத் திரும்ப வாங்குங்கள்.

சுவைபா

*

கானோ
26 பிப்ரவரி 2004

சுவைபா,

உன்னை நம்பி இதைச் செய்யவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

உன் தாளைப் படித்துவிட்டுக் கசக்கி அடுப்பில் போட்டேன். உள்ளே போனால் லுபாபா பாயில் சுருண்டு கிடக்கிறாள், கால் இரண்டும் வயிற்றோடு. "நாக்குல எப்பவும் இரும்பு நக்குன மாதிரி இருக்கும்மா" என்றாள். எத்தனை நாளாக என்றால், கல்யாணத்துக்குப் பிறகு என்கிறாள். கல்யாணத்திலிருந்துதான் அவள் அமர்யா பூசுகிறாள். ஈரத் துணியை எடுத்து உதட்டை அழுத்தித் துடைத்தேன். துணி கருத்தது. "ஏம்மா அழிக்கறே, நீதானே எப்பவும் பூசிக்கிட்டே இருன்னு சொன்னே" என்றாள். துணியை மடித்து மறுபக்கத்தால் மறுபடியும் துடைத்தேன். அவள் கேட்டதற்குப் பதில் உன்னிடம் இருந்தாலும் எழுதாதே.

ரத்தம் அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியிலிருந்து திரும்ப வாங்கு என்று சுலபமாக எழுதிவிட்டாய். படித்த பிறகு நம் வழக்கமெல்லாம் உனக்கு மறந்துபோய்விடும். வரிசைப் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியைத் திரும்ப எடுத்தாலும் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். நான் அந்த வீட்டில் கால் வைத்து, அமர்யாவைக் கொடுங்கள் என்றதும் பெண்ணின் தாய் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"என்ன ஹாஜியா, கல்யாணத்தைக் கலைக்க உன்னை அனுப்பினாங்களா?"

"யாரும் அனுப்பல, நானாத்தான் வந்தேன். சரக்குல கோளாறு."

"கானோவே பூசிக்கிட்டுத் திரியுது, எங்க பெட்டியில மட்டும் கோளாறா?"

"கானோகிட்டயும் கேட்டு வாங்கத்தான் போறேன். உங்க வீட்ல ஆரம்பிச்சிருக்கேன்."

"எங்க மக உதட்டுக்கு உன் சரக்கு பெருசு, அதானே சொல்ல வர்றே?"

பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் ஓடினான். கடைசியில் என் தோளில் கிடந்த பட்டு முக்காட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். எடுத்ததைவிட வைத்தது பெரியது, இனி குறைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. குழலை எடுத்துக்கொண்டு தலை மூடாமல் தெரு வழியே நடந்து வந்தேன். ஹாஜியா லாமிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. இதை நீ ரசிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நன்றாக ரசி.

மற்ற வீடுகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். அமர்யா செத்துவிட்டது. சந்தோஷமா?

லாமி

*

சாரியா
2 மார்ச் 2004

அக்கா,

ரசிக்கவில்லை. பாராட்டவும் மாட்டேன். விற்றவர் திரும்ப வாங்குவது ஒரு பெரிய தியாகம் இல்லை.

லுபாபாவின் ரத்தத்தில் ஈயம் மிக அதிகம். மருத்துவரிடம் காட்டினேன். பிள்ளை உள்ளே இருக்கும்போது கடுமையான மருந்து எதையும் கொடுக்கத் தயங்குகிறார். சுர்மா அவள் பக்கமே வரக் கூடாது, கண்ணுக்கும்தான். பால், கீரை, இரும்பு மாத்திரை, சுண்ணாம்புச்சத்து மாத்திரை. உங்கள் வீட்டில் பாலை ஆண்களுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்களுக்கு மிச்சம் ஊற்றுவீர்களே, அதை நிறுத்துங்கள். போன வருஷம் கலைந்ததற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். என் அம்மாவின் கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை.

சுவைபா

*

கானோ
8 ஏப்ரல் 2004

பிறந்துவிட்டது. பெண். எடை குறைவு, கத்தல் மட்டும் ஊரைக் கூட்டுகிறது. தாய்க்கு உயிர் இருக்கிறது, அது போதும். ஏழாம் நாள் பெயர் சூட்டு. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. வரவில்லையென்றால் நான்தான் அழைக்கவில்லை என்று அவள் கதை கட்டுவாள்.

லாமி

*

சாரியா
18 ஏப்ரல் 2004

ஹாஜியா லாமி அவர்களுக்கு,

பெயர் சூட்டுக்கு வந்ததற்கு எனக்கும் என் அம்மாவுக்கும் நல்ல மரியாதை செய்தீர்கள்.

என் அம்மா பிள்ளையை மடியில் வாங்கி, தோல் குப்பியைத் திறந்து, சுர்மாக் குச்சியைக் கண்ணருகே கொண்டுபோனார். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் செய்வதுதான். வீடு நிறையப் பெண்கள் பார்க்க, நீங்கள் பாய்ந்து வந்து அவர் கையை ஓங்கித் தட்டினீர்கள். குச்சி ஒரு பக்கம், குப்பி ஒரு பக்கம். புது வெள்ளை உடுப்பு முழுக்கக் கருப்பு. "தூரப் போ கிழவி!" என்று கத்தினீர்கள். அந்த வார்த்தை அப்படியே என் காதில் இருக்கிறது.

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், நான் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருப்பேன். அம்மா வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "மூத்தவ மக என் மேல கை வெச்சுட்டா, நீ பாத்துக்கிட்டு நின்னே" என்று என்னையே ஏசுகிறார். நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சுவைபா

*

கானோ
21 ஏப்ரல் 2004

சுவைபா,

உன் அம்மா சொன்னது சரி. நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய்.

குப்பியை அவள் இடுப்பிலிருந்து எடுத்ததை நீ பார்த்தாய். திறந்ததைப் பார்த்தாய். உன் முகம் வெளிறியதை நானும் பார்த்தேன். வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். குச்சி இமையைத் தொடும்வரை காத்திருந்தேன். உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஈயக் கல், ஈயக் கல் என்று எனக்குக் கடிதம் கடிதமாக எழுதிக் கிழித்தாயே, ஒரே வீட்டில் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? என்னைக் கேவலமாகப் பேச உனக்குப் பயமில்லை, நான் சக்களத்தி மகள். பெற்றவளிடம் சொல்ல நடுங்குகிறாய். ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்கும் உன் கண்ணில் சுர்மா இருந்தது, சுவைபா. காலையில் அவள் இட்டுவிட்டிருப்பாள், நீயும் கண்ணை மூடிக் காட்டியிருப்பாய்.

பக்குவமாகச் சொல்லியிருப்பாயாம். நீ பக்குவம் பண்ணி முடிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். லுபாபாவின் உதட்டை நானே என் கையால் கருப்பாக்கியிருக்கிறேன், வருஷக்கணக்காக. தட்டிவிட எனக்கு ஒருத்தி இல்லை. இந்தப் பிள்ளைக்கு நான் இருக்கிறேன். அடுத்த தடவை குச்சியோடு யார் வந்தாலும் தட்டுவேன், எமிர் அரண்மனைப் பெண்ணாக இருந்தாலும் சரி.

பிள்ளையின் கண் வெறுமையாகத்தான் இருக்கிறது. இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருக்கிறது என்று தெருப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பால் நன்றாகக் குடிக்கிறது.

வந்து பார். சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கையை வீசிக்கொண்டு வரச் சொல்.

லாமி